கருமணல் ஈன்ற வெண்மை

குமரிமுனைக்குச் சென்று திரும்புவோர் பலர், பொட்டலங்களாகக் கட்டி விற்கப்படும் மணலை வாங்கி வருவதுண்டு. ஒரு பொட்டலத்தில் கரிய மணல். இன்னொன்றில் குருதித் துளிகளை உலர்த்திப் பொடித்தாற்போன்ற செம்மணல். மற்றொன்றில் அரிசிக் குருணையை ஒத்த வெண்மணல். வீட்டில் அதைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி, ‘அம்மனின் கல்யாண அரிசி’ என்று குழந்தைகளுக்குக் காட்டுவர்.

கதை நாடறிந்தது. சுசீந்திரத்து இறைவனுக்கும் குமரி அம்மனுக்கும் திருமணம் உறுதியாயிற்றாம். நள்ளிரவில் நல்ல நேரம் குறித்தனராம். மாப்பிள்ளை புறப்பட்டு வரும் வழியில் நாரதர் சேவலாகக் கூவினாராம். பொழுது விடிந்ததென்று எண்ணி மாப்பிள்ளை திரும்பிவிட்டாராம். சமையலுக்குக் குவித்த அரிசியும் பருப்பும் கிடந்த இடத்திலேயே மணலாகிப் போயினவாம்!

கதையென்ற அளவில் சுவையானதுதான். சேவல் கூவியதும் திரும்பிச் செல்லும் கடவுளைப் பற்றி நகைத்துவிட்டுப் போவது எளிது. அதற்காக நாம் எழுதுகோல் எடுக்கவில்லை. அந்தக் கதையை நம்பி, மணலுக்கு அதற்குமேல் பொருளில்லை என்று இருந்துவிட்டதால் நாம் இழந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவே முற்படுகிறோம். ஏனெனில், அந்தக் கரிய மணல் இன்று உலகை வெள்ளையாக்கிக்கொண்டிருக்கிறது. நம் வீட்டுச் சுவரின் வெண்மை, காலையில் பல் துலக்கும் பசையின் வெண்மை, மருத்துவர் தரும் மாத்திரையின் வெண்மை, சாலை நடுவே தீட்டிய கோட்டின் வெண்மை — இவற்றுள் பலவற்றுக்கும் தாய் அந்தக் கருமணலே. கறுப்பின் வயிற்றில் பிறந்தது இந்த வெண்மை!

அதன் பெயர் டைட்டானியம் டைஆக்சைடு. பெயர் நாவில் புரள மறுக்கலாம். வரலாறு அவ்வாறன்று.

மலை மணலான கதை

மணலின் பிறப்பிடம் கடலன்று, மலை. கோவிலம்பாக்கத்தில் ஆசிரியப் பணி புரியும் நாம், மேற்கே பல்லாவரத்துக் குன்றுகளைக் காட்டியே மாணவர்க்கு இதை விளக்குவது வழக்கம். தலைமுறை தலைமுறையாகக் கல்லுடைப்போரின் சம்மட்டிக்கு உடல் கொடுத்துக் குழிந்து கிடக்கும் குன்றுகள் அவை. கருநீலம் பாய்ந்த அந்தக் கல்லுக்கு நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து 1893-ல் ஒரு பெயர் சூட்டினார்: சார்னோக்கைட். 1690-ல் கல்கத்தாவில் ஆங்கில வணிகக் குடியிருப்பை அமைத்த ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடப்பது இந்த இனத்துக் கல்லே. அதனால் வந்தது அந்தப் பெயர். கல் நம்முடையது, பெயர் கும்பினிக்காரனுடையது. வரலாற்றின் வேடிக்கைகளுள் இதுவும் ஒன்று!

இந்தக் கல்லினம் பல்லாவரத்தோடு நின்றுவிடவில்லை. குமரி மாவட்டத்து மலைகளிலும், அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலும் இதுவும் இதன் உறவுக் கற்களும் பரந்து கிடக்கின்றன. இவற்றினுள் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு கூடிய கரிய மணிகள் சிதறியிருக்கின்றன. வெயில் சுடுகிறது, மழை அரிக்கிறது, கல் நைகிறது. நைந்ததை ஆறு கடலுக்கு உருட்டிச் செல்கிறது. கடல், கைதேர்ந்த கிழவி முறத்தில் புடைப்பதைப்போல் புடைக்கத் தொடங்குகிறது. எடை குறைந்த மணலை அலை இழுத்துப் போகும். எடை மிகுந்த கருமணி கரையில் தங்கும். இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஓயாது நடந்த புடைப்பு இது. சேவல் ஒருமுறை கூவியதால் நேர்ந்ததன்று!

அந்தக் கருமணியே இல்மனைட். செம்மணி கார்னெட். வெண்மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். இவற்றோடு சிர்க்கான், ரூட்டைல், சில்லிமனைட், தோரியம் பொதிந்த மோனசைட் ஆகியனவும் கலந்திருக்கின்றன. ஐயுறும் இளைஞன் நீலாங்கரைக் கடற்கரைக்கே போகலாம். அலை விட்டுச் சென்ற கரிய கோடுகளில் காகிதம் சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பார்க்கலாம். கருமணிகள் காந்தத்தில் மீசைபோல் தொங்கும். அவ்வாறு ஒட்டுபவை பெரும்பாலும் மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவின் மணிகள். இல்மனைட் அவற்றின் உடன்பிறப்பு. கல்யாண அரிசியும் பருப்பும் காந்தத்தில் ஒட்டுவதில்லை!

ஒரு பாதிரியாரின் ஆராய்ச்சி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்றொரு பகுதி உண்டு. அங்கே மெனக்கன் என்னும் சிற்றூரின் ஓடைக்கரையிலும் நம் குமரியைப் போலவே கரிய மணல் கிடந்தது. அதைக் கையில் அள்ளியவர் வில்லியம் கிரிகோர் என்னும் பாதிரியார். தேவாலயத்தில் பிரசங்கம் செய்வது அவர் தொழில். கல்லையும் மண்ணையும் அமிலத்தில் இட்டுப் பார்ப்பது அவர் வேட்கை. 1791-ல் அந்த மணலைக் காந்தத்தால் சோதித்தார், அமிலத்தில் கரைத்தார், இரும்பைப் பிரித்தார். எஞ்சியது, அதுவரை எவரும் பெயரிடாத ஓர் உலோகத்தின் ஆக்சைடு என்று கண்டார்.

சமயத் தொழில் புரிந்தவரே மணலிடம் வரம் கேட்கவில்லை. வினாக் கேட்டார் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1795-ல், பெர்லின் நகரத்து வேதியியல் அறிஞர் கிளாப்ரோத் வேறொரு கனிமத்தில் அதே உலோகத்தைக் கண்டு, கிரேக்கப் புராணத்தின் டைட்டன்களை நினைந்து ‘டைட்டானியம்’ என்று பெயரிட்டார். இல்மனைட் என்ற பெயரோ, உருசிய நாட்டின் யூரல் பகுதியிலுள்ள இல்மென் மலையிலிருந்து வந்தது.

கண்டவுடன் பயன்பட்டதா? இல்லை. ஏறத்தாழ 125 ஆண்டுகள் அந்த ஆக்சைடு ஆய்வுக்கூடத்துப் புட்டிக்குள் உறங்கிற்று. அந்த 125 ஆண்டுகளும் உலகம் வேறொரு வெண்மையைப் பூசிக்கொண்டிருந்தது. அது நஞ்சு தோய்ந்த வெண்மை.

உயிர் குடித்த வெள்ளை

நம்மவர் அறிந்த வெண்மை சுண்ணாம்பு. சித்தன்னவாசல் ஓவியத்தில் வெள்ளையாக இருப்பதும் சுண்ணாம்பே. சிப்பியைச் சுட்டு நீற்றி, இழைத்து, பளிங்கென மெருகேற்றிய சென்னைச் சுதை ஒருகாலத்தில் அயல்நாட்டாரும் வியந்து எழுதிய ஒன்று. பொங்கல் வந்தால் குடிசைச் சுவரும் குளித்தெழுந்து நிற்கும்; அத்தனை மலிவு, அத்தனை எளிமை. ஆனால் சுண்ணாம்பை எண்ணெயில் குழைத்தால் அதன் வெண்மை மறைந்து மங்கிவிடும். மரத்துக்கும் இரும்புக்கும் எண்ணெய் வண்ணமே தேவை. எனவே, மேலைநாட்டார் ஈயவெள்ளையை நாடினர்.

காரீயத் தகட்டைப் புளிக்காடியின் ஆவியில் வைத்து, சாணக் குவியலில் புதைத்தால், சில மாதங்களில் தகட்டின்மேல் வெள்ளைப் பொருள் பூத்து நிற்கும். அதுவே ஈயவெள்ளை. கிரேக்கரும் உரோமரும் அறிந்த பழம்பொருள். அரண்மனைக் கதவில் அது மின்னிற்று. சீமாட்டியின் முகப்பூச்சில் அது மிளிர்ந்தது. அதைச் சுரண்டி எடுத்த தொழிலாளியின் உடலுக்குள்ளோ அது மெல்ல மெல்லக் குடியேறிற்று. குடலைப் பிடுங்கும் வலி, ஈறில் நீலக்கோடு, தூரிகை பிடித்த மணிக்கட்டு செயலிழந்து தொங்கும், பின்னர் மூளை கலங்கும். ஆலையில் அதைச் சுமந்தவர்களில் ஏழைப் பெண்களும் இருந்தனர். சீமான் வீட்டுச் சுவர் வெளுக்க வெளுக்க, பாட்டாளியின் முகம் வெளிறிற்று!

எதிர்ப்பு எழாமலில்லை. 1921-ல் ஜெனீவாவில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈயவெள்ளை பூசுவதைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தை நிறைவேற்றிற்று. அந்த வெள்ளையைக் கையாளும் வண்ணத் தொழிலில் 18 வயதுக்குட்பட்ட இளைஞரையும் பெண்களையும் ஈடுபடுத்தலாகாது என்றும் விதித்தது. சட்டம் எழுதுவது எளிது. வெள்ளையில்லாமல் வாழ்வது அரிது. ஈயத்துக்கு மாற்று எது? துத்தநாக வெள்ளை இருந்தது. ஆனால் அதன் மறைக்கும் திறன் போதவில்லை. அந்த வேளையில் புட்டிக்குள் உறங்கியது விழித்தது.

வெண்மை என்பது யாது?

இவ்விடத்தில் சற்று நின்று, வெண்மையின் இரகசியத்தைத் தெரிந்துகொள்வோம். கற்கண்டு கண்ணாடிபோல் தெளிந்தது. அதை இடித்துத் தூளாக்கினால் வெண்மை. வெள்ளை வேட்டி உலர்ந்திருக்கும்போது உடலை மறைக்கிறது, நனைந்தால் காட்டிக்கொடுக்கிறது. ஏன்?

ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றினுள் புகும்போது வளைகிறது. இரண்டுக்குமிடையே வேறுபாடு மிகுதியானால் ஒளி பெரிதும் வளைந்து, சிதறித் திரும்புகிறது. எல்லா நிறமும் ஒன்றாய்ச் சிதறித் திரும்புவதே வெண்மை. இந்த வளைக்கும் ஆற்றலை அளக்கும் எண்ணுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு அது 1, தண்ணீருக்கு 1.33, பஞ்சு நூலுக்கு ஏறத்தாழ 1.5. உலர்ந்த வேட்டியில் நூலும் காற்றும் அடுத்தடுத்து நிற்கின்றன, வேறுபாடு பெரிது. நனைந்த வேட்டியில் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது, வேறுபாடு சுருங்குகிறது, வெண்மை விடைபெறுகிறது.

எண்ணெயின் எண்ணும் ஏறத்தாழ 1.5. சுண்ணாம்பு வெள்ளையின் எண் 1.6-ஐ ஒட்டியது. எனவே எண்ணெயில் சுண்ணாம்பு தன் தனித்தன்மையை இழந்து கரைந்தாற்போல் மறைகிறது. ஈயவெள்ளையும் துத்தநாக வெள்ளையும் 2-ஐ ஒட்டியவை; ஓரளவு தாங்கும். வைரத்தின் எண் 2.42. டைட்டானியம் டைஆக்சைடோ வைரத்தையும் விஞ்சி நிற்கிறது! அதன் இருவகைப் படிகங்களுள் அனட்டேஸ் 2.5-க்கு மேல், ரூட்டைல் 2.7. மனிதன் பெருமளவில் பயன்படுத்தும் வெள்ளைகளுள் இதற்கு நிகர் வேறில்லை. மணிகளை ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது ஒளியலையின் பாதி நீளத்துக்கு அரைத்துவிட்டால், மெல்லிய ஒரு பூச்சே அடியிலுள்ள கறையை அடியோடு மறைத்துவிடும்.

இதன் பிற பண்புகளும் தொழிலுக்கு உகந்தவை. தண்ணீரில் கரையாது. நீர்த்த அமிலத்துக்கு அசையாது. 1,800 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்திலேயே உருகும். கந்தகக் காற்றுப் பட்டால் ஈயவெள்ளை கறுத்துவிடும், இது கறுக்காது. உண்டவரை ஈயம்போல் கொல்லாது. ஒரு குறை உண்டு. கதிரவனின் புற ஊதாக் கதிர் பட்டால் அனட்டேஸ் வகை தன்னைச் சூழ்ந்துள்ள எண்ணெயை மெல்லச் சிதைக்கும். சுவரைத் தடவினால் கையில் மாவாய் ஒட்டும். ஆகவே வெளிச்சுவருக்கு ரூட்டைலை, அதன்மேலும் அலுமினா, சிலிக்கா என்னும் மெல்லிய சட்டை போர்த்திப் பயன்படுத்துகின்றனர். அந்தக் குறையையே குணமாக்கியோரும் உண்டு. இதன் மீது ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிளக்கலாம் என்று 1972-ல் ஜப்பானிய அறிஞர் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினர்.

குமரிக் கரைக்கு வந்த ஜெர்மானியர்

1916-18 ஆண்டுகளில் நார்வேயிலும், அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சி அருகிலும் டைட்டானிய வெள்ளை ஆலைகள் எழுந்தன. ஆலைக்கு மணல் வேண்டுமே! உலகத்தின் கண் குமரியின் பக்கம் திரும்பிற்று.

ஆனால் குமரியின் மணல் அதற்கு முன்பே ஓர் அயலாரின் கண்ணில் பட்டிருந்தது. அன்று காஸ் விளக்குகளே நகரங்களுக்கு ஒளி. அந்த விளக்கின் வலைக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலை 1909-ல் சோதித்த ஜெர்மானிய வேதியியலார் ஷோம்பெர்க், அதில் மோனசைட் மின்னக் கண்டார் என்று இத்தொழிலின் வரலாறு கூறுகிறது. கயிறு திரித்த நம் பாட்டிமார் நாள்தோறும் உதறித் தள்ளிய மணல் அது! மறு ஆண்டே அவர் மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார். 1914-ல் போர் மூண்டது. ஜெர்மானியரின் பிடி போய், ஆங்கில முதலாளிகளின் கை ஓங்கிற்று.

மோனசைட்டை எடுத்தபின் மலைமலையாக எஞ்சிய கருப்பு இல்மனைட்டுக்கு அன்று வாங்குவார் இல்லை. மேலைநாட்டில் வெள்ளை ஆலைகள் பெருகியதும் நிலைமை மாறிற்று. 1922-ல் இல்மனைட் கப்பலேறத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகுக்கு மிகுதியாக இல்மனைட் வழங்கியது திருவிதாங்கூர்க் கடற்கரைதான். எவ்வளவு மிகுதி என்பதற்கு ஒரு சான்று: போரினால் கடல்வழி இடர்ப்பட்டபோது, இந்திய மணல் வராமற்போகுமே என்று அஞ்சி, அமெரிக்கர் 1940-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் மலைக்காட்டில் டஹாவஸ் என்னுமிடத்துச் சுரங்கத்தை விரைந்து திறந்தனர். குமரியின் மணல் நின்றால் அமெரிக்காவின் சுவர் வெளிறாது என்ற நிலை!

அத்தகைய நிலையில் குமரி செழித்ததா? மணலைக் கூடையில் அள்ளியவனுக்குக் கிடைத்தது அன்றாடக் கூலி. மணலை வெண்பொடியாக்கியவனுக்குக் கிடைத்தது ஆலை, ஆலையைச் சூழ நகரம், நகரத்தில் ஆராய்ச்சிக்கூடம், ஆராய்ச்சியிலிருந்து மேலும் புதுத்தொழில். பின்னர் அதே மணல், வண்ண டப்பாவாகி, நம் துறைமுகத்தில் வந்திறங்கிற்று. கறுப்பாகப் போனது, வெள்ளையாக வந்தது. போகும்போது மலிவு, வரும்போது மதிப்பு. இடைப்பட்ட மதிப்பு முழுதும் அறிவுக்குக் கிடைத்த கூலி. அந்த அறிவு நம்மிடம் இருந்திருக்கக் கூடாதா? மணலைக் கடவுளின் கல்யாணத்தில் மிஞ்சிய பண்டம் என்று எண்ணியவன், அதை அமிலத்தில் இட்டுப் பார்க்க எப்படித் துணிவான்?

வெள்ளை பிறக்கும் விதம்

1946-ல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் உருவாகி, 1950-களின் தொடக்கத்தில் இந்தியாவின் முதல் டைட்டானிய வெள்ளையை ஈன்றது. அங்குக் கையாளப்பட்டது கந்தக அமில முறை. அரைத்த கருமணலை அடர்ந்த கந்தக அமிலத்தில் இட்டால் பொங்கிக் கொதித்துக் கரைகிறது. கரைசலைக் குளிர்வித்தால் இரும்பு பச்சைப் படிகமாக, நம் நாட்டு மருந்துக் கடையின் அன்னபேதியாக, வெளியேறுகிறது. எஞ்சிய கரைசலைக் காய்ச்சினால் வெண்ணிற வீழ்படிவு திரள்கிறது. அதைக் கழுவி, உருளும் சூளையில் 900 பாகையையொட்டிச் சுட்டு, அரைத்தால் டைட்டானிய வெள்ளை. கரிய மணலின் கருமை இரும்பின் கருமை. இரும்பு நீங்கியதும் உள்ளிருந்த வெண்மை வெளிப்படுகிறது.

மற்றொன்று குளோரின் முறை. டைட்டானியம் செறிந்த தாதுவைக் கரியோடு சூடேற்றி, குளோரினைச் செலுத்தினால், டைட்டானியம் ஆவியாகப் புறப்படும். அதைத் தூய்மையாக்கி, ஆக்சிஜனில் எரித்தால் வெண்பொடி கிடைக்கும். குளோரின் மீண்டும் பயனுக்குத் திரும்பும். கொல்லத்தை அடுத்த சவராவில் கேரள அரசின் ஆலை 1984-ல் இம்முறையில் இயங்கத் தொடங்கிற்று. அங்கேயே 2011-ல், விண்வெளித் துறையின் துணையோடு, டைட்டானிய உலோகப் பஞ்சு ஆக்கும் ஆலையும் வந்தது. விமானத்துக்கும் ஏவுகணைக்கும் வேண்டிய உலோகம் அது. ஆயினும், உலகில் அள்ளப்படும் டைட்டானியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளைப் பொடிக்கே போகிறது.

1956 நவம்பர் 1-ல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. மணவாளக்குறிச்சி மணல் தமிழகத்தின் பக்கம். வெள்ளை ஆலை கேரளத்தின் பக்கம். மணவாளக்குறிச்சியை நடுவண் அரசின் இந்திய அருமண் நிறுவனம் ஏற்று, ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 டன் இல்மனைட் பிரிக்கும் அளவுக்கு வளர்த்தது. காந்தமும் மின்சாரமும் அங்கே மணியை மணியிலிருந்து பிரிக்கின்றன. பின்னாளில் சாகுபுரத்தில் இல்மனைட்டை வளப்படுத்தும் ஆலையும், தூத்துக்குடியில் வெள்ளை ஆக்கும் ஆலையும் எழுந்தன. முன்னேற்றம் உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும், இத்தனை மணல் வளம் கொண்ட இந்நாடு, சீனத்து டைட்டானிய வெள்ளையின் வெள்ளத்தைத் தடுக்க 2025-ல் தனி வரி விதிக்க வேண்டியதாயிற்று. மணல் உடையவனெல்லாம் வெண்மை உடையவன் அல்லன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எங்கெங்கும் வெண்மை

பயன்களை அடுக்கினால் பக்கம் போதாது. ஆக்கப்படும் வெள்ளையில் பாதிக்குமேல் வண்ணத் தொழிலுக்குச் செல்கிறது. அதனை அடுத்து நெகிழிப் பொருள்களும் காகிதமும். மெல்லிய தாளின் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியாமல் காப்பதும் இதுவே. ரப்பர், பீங்கான், அச்சு மை, செயற்கை நூல், மாத்திரைப் பூச்சு, வெயிலைத் தடுக்கும் களிம்பு ஆகியவற்றிலும் இது கலக்கிறது. பற்றவைப்போர் பயன்படுத்தும் கம்பிகளின் மேற்பூச்சிலும் ரூட்டைல் இருக்கிறது. கோவிலம்பாக்கத்தில் வயலும் ஏரிக்கரையுமாய் இருந்த இடங்களில் இன்று எழுந்து நிற்கும் அடுக்கு வீடுகளை நோக்குங்கள். அவற்றுக்குப் பட்டி பார்த்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாரத்தில் தொங்கியபடி வெண்ணிறம் தீட்டும் தோழன், தன் தூரிகையில் குமரிக் கடற்கரையின் உறவுப் பொருளை ஏந்தி நிற்கிறான். அவனுக்கு அது தெரியாது. தெரிவிக்க எந்தப் பாடநூலும் முனையவில்லை.

இன்னொரு பயனையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. முகத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் களிம்புகளிலும் இந்தப் பொடி கலக்கிறது. முகத்தில் படிந்து கண நேரம் வெளுப்புக் காட்டி, கழுவினால் போய்விடும். கறுத்த உடலை இழிவென்று கருதும் மடமைக்கு, கருமணல் தந்த வெண்மையைக் குழாயில் அடைத்து விற்கிறது வணிகம். மணல் அறிந்தால் சிரிக்கும்! கறுப்பே வெண்மைக்குத் தாய் என்று வேதியியல் கூறுகிறது. கறுத்த பெண்ணுக்கு வரதட்சிணை கூடுதல் என்று நம் சமுதாயம் கூறுகிறது. எது அறிவு, எது அழுக்கு என்பதை இளைஞர்களே தீர்ப்பளிக்கட்டும்.

வெண்மையின் விலை

ஈயத்தைவிட இது நல்லது. அதற்காக இதையும் வழிபாட்டுப் பொருளாக்கிவிடக் கூடாது. நுண்தூளாகச் சுவாசித்தால் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வகையில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதைச் சேர்த்துள்ளது. உணவில் வெண்மைக்காக இதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் தடைசெய்தது. ஈயமும் முற்றிலும் ஓடிவிடவில்லை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி இந்தியாவில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஜெனீவா மாநாட்டுக்குப்பின் 96 ஆண்டுகள்!

கந்தக அமில முறையில் ஒரு டன் வெள்ளைக்குப் பல டன் அமிலக் கழிவு வெளிப்படுகிறது. திருவனந்தபுரத்து வேளிக் கடற்கரையில் அந்தக் கழிவு கலந்து கடல்நீர் செம்பழுப்பாக மாறியதும், மீனவர் முறையிட்டதும் பதிவான செய்திகள். தமிழகத்தில், தென்கடற்கரையில் அளவுமீறி மணல் அள்ளப்படுவதாக எழுந்த புகார்களால் 2013-ல் மாநில அரசு தடை விதித்தது. ஆய்வுக் குழு அமைத்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம், இதுபற்றி நடுவண் புலனாய்வுத் துறை விசாரிக்க ஆணையிட்டது. குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2024-ல் கடற்கரை ஊர்கள் கொந்தளித்தன. அவ்வாண்டு அக்டோபருக்குக் குறித்திருந்த மக்கள் கருத்துக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

இங்கே பகுத்தறிவாளன் நிற்க வேண்டிய இடம் எது? ‘அறிவியல் சொல்லிவிட்டது, வாயை மூடு’ என்று மீனவனை அதட்டும் பக்கம் அன்று. ‘மணலைத் தொட்டாலே சாவு’ என்று மிரட்டும் பக்கமும் அன்று. மோனசைட் செறிந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டுகள் மக்களைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. இயற்கையாக உள்ள கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாக அது காணவில்லை. அதை மறைக்கலாகாது. அதேபோல், இயற்கையாய்க் கிடக்கும் மணல் வேறு. அள்ளி, உலர்த்தி, தூள் பறக்கப் பிரித்து, மீதியைக் கொட்டும் தொழில் வேறு. கடலரிப்பு கூடினால் வீடிழப்பவன் மீனவன். ஆகவே ஆலைக்கு வெளியே வாழ்பவனும் அளக்கட்டும். அளந்த எண்ணைத் தமிழில் வெளியிடட்டும். கூட்டத்தில் அவன் கேட்கும் வினாவுக்கு விடை வரட்டும். வினாவை அடக்குவது கோயில் செய்தாலும் தவறு. நிறுவனம் செய்தாலும் தவறே.

கேள்வியே செல்வம்

குமரியின் மணல் நம் வரலாற்றின் சுருக்கம். செல்வம் காலடியில் கிடந்தது. நாம் கதை சொன்னோம். ஒரு பாதிரியார் அமிலத்தில் இட்டார். ஒரு ஜெர்மானியர் கயிற்றை உதறிப் பார்த்தார். முதலாளி கப்பலில் ஏற்றினான். கதை சொன்னவன் கூலிக்காரனானான். கேள்வி கேட்டவன் உடைமைக்காரனானான். அந்த நிலை மாறத் தொடங்கிவிட்டது. ஆலைகள் நம் மண்ணில் எழுந்துள்ளன. நம் வீட்டுப் பிள்ளைகள் வேதியியல் கற்கின்றனர். எனினும், இரு கேள்விகள் இன்னும் பாக்கி நிற்கின்றன. அள்ளிய மணலின் மதிப்பில் எவ்வளவு அந்தக் கரையிலேயே தங்குகிறது? தங்காத பங்குக்கு ஈடாக அந்தக் கரை சுமக்கும் சுமை எவ்வளவு?

இந்த இரண்டையும் கேட்கும் தெம்பு, வேதியியலும் வரலாறும் ஒருங்கே கற்ற இளைஞனுக்கே வரும். குமரிக்குச் செல்லும் தோழர்களே! பொட்டல மணலை வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். குழந்தைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு, அதில் ஒரு காந்தத்தை வையுங்கள். கல்யாணக் கதையையும் சொல்லுங்கள். பல்லாவரத்துக் கல்லின் கதையையும் சொல்லுங்கள். எந்தக் கதைக்குச் சான்று கையில் இருக்கிறது என்பதைக் குழந்தையே சொல்லட்டும்.